இசைத்தட்டுக்கு மதிப்புரை: ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் நமது திறனாய்வும்

1

புதிதாக ஒரு நாவலோ கவிதைத் தொகுதியோ வெளிவரின் அதற்கு மதிப்புரை எழுதப்படும் என்பது நமது சூழலில் ஓரளவுக்கேனும் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். வெளியீட்டு விழாவிலே ஆய்வுரை, நயவுரை, ஏற்புரை என்பன நிகழும். பின்னர் சஞ்சிகைகளிலே விவாதம் தொடரும். ஆனால் ஓர் இசைத்தட்டோ ஒலிநாடாவோ இறுவட்டோ வெளிவரும்பொழுது நிகழ்வது வேறு. ஒன்றில் அதற்கு வாழ்த்துக் கிடைக்கும். அன்றேல் ஏளனம் கிடைக்கும். இரண்டுமே திறனாய்வு அல்ல. வாழ்த்து விற்பனையின் ஒரு பகுதி. ஏளனம் பெரும்பாலும் வர்க்க மனோபாவத்தின் வெளிப்பாடு. இவ்விரண்டுக்குமிடையே நின்று, ஒரு புதிய பாடற்றொகுதியை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினாவை நாம் முறையாக எழுப்பியதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை எழுப்பும் முயற்சியாகும்.

இதனைப் பேலியகொடையிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. களனி ஆற்றின் வடகரையில் அமைந்த இவ்வூர் இரு நிறுவனங்களால் அறியப்படுவது. ஒன்று, 1875இல் இங்கு தோற்றுவிக்கப்பட்ட வித்தியாலங்காரப் பிரிவேனா. அது 1959இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தின் மூலவேர் அதுவே. மற்றையது, புறக்கோட்டையிலிருந்து 2011இல் இங்கு இடம்பெயர்ந்த மத்திய மீன் சந்தை. பேராசிரியர் க. கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதற்றலைவராகச் செல்லுமுன்னர் வித்தியாலங்காரவிலே கற்பித்தவர். சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் விளைபொருளாகக் கண்டு, பாணரையும் அவர்தம் பாடல்முறையையும் உலக வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெருமை அவருடையது. அந்த ஆய்வு மரபின் வழிவந்த நாம், நமது வாசலைக் கடந்து செல்லும் மீன் லொறியிலிருந்து எழும் பாட்டைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாணனுக்குச் செவிசாய்த்த திறனாய்வு, தன் காலத்துப் பாடகனுக்கு ஏன் செவிசாய்க்கவில்லை என்பது சுயவிமர்சன நோக்கிற் கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

வைகறையில் அச்சந்தைப் பக்கம் சென்றோர் அறிவர். பனிக்கட்டிப் பெட்டிகளை இறக்கும் நாட்டாமைத் தொழிலாளர், ஏலங்கூறுவோர், மீன் வெட்டுவோர் ஆகியோரிடையே சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்திற் கலந்து ஒலிக்கும். தேநீர்க்கடை வானொலியிலோ லொறிச் சாரதியின் கைத்தொலைபேசியிலோ பைலாத் தாளம் கேட்கும். அவ்வாறு கேட்கும் பாடல்களில் ஒன்று, நாம் பிறப்பதற்கு முன்னரே பாடப்பட்ட ‘சுராங்கனி’. மீன் கொண்டுவந்ததாகக் கூறும் பாட்டு மீன் சந்தையில் ஒலிப்பதிற் புதுமையொன்றும் இல்லைத்தான். ஆயினும் அரை நூற்றாண்டாக மக்கள் கைவிடாத ஒரு பாடலைப் பற்றி நமது திறனாய்வு கூறியது யாது என்று சிந்திக்கும்பொழுது சங்கடமே எஞ்சுகிறது.

2

மதிப்பீடு என்பது காற்றிலே பிறப்பதில்லை, நிறுவனங்களினூடாகவே பிறக்கிறது. இலங்கையில் வெகுசன இசை மீதான முதலாவது நிறுவனரீதியான மதிப்பீடு பத்திரிகையில் அன்றி வானொலியிலேயே நிகழ்ந்தது. 1952இல் இலங்கை வானொலியின் கலைஞர்களைத் தேர்ந்து தரப்படுத்துவதற்காக, லக்னோவிலிருந்து இந்துஸ்தானி இசையறிஞர் எஸ். என். ரத்தன்ஜங்கர் வரவழைக்கப்பட்டார். அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்த சுனில் சாந்த வானொலியிலிருந்து விலக நேர்ந்தது. சிங்கள மெல்லிசையின் முன்னோடிகளுள் ஒருவர், வெளியிலிருந்து கொணரப்பட்ட அளவுகோலுக்குத் தலைவணங்க மறுத்தமையால் தம் வாழ்வாதாரத்தை இழந்தார். ‘தரம்’ என்னும் சொல் கேட்பதற்கு நடுநிலையானதாகத் தோன்றினும், அது சோற்றோடும் தொடர்புடையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

தரநிர்ணயத்தின் எல்லைக்கு வெளியே நின்றது பைலா. போர்த்துக்கேயர் வருகையின் எச்சமாகவும், கரையோரக் கத்தோலிக்கரும் பறங்கியரும் ஆபிரிக்க வழிவந்தோரும் பேணிய ஆடற்பாட்டாகவும் விளங்கிய அது, பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன்ஸ் போன்றோரால் நகரத்துச் சிங்களப் பாட்டாக வடிவம் பெற்றது. உயர்ந்தோர் குழாம் அதனைக் குடிகாரர் கூத்தென்று கொண்டது. வானொலி அதனை வேண்டாவெறுப்பாக ஏற்றது. எனினும் திருமண வீடு, சுற்றுலா பஸ், மதுச்சாலை என்னும் மூன்று களங்களிலும் அதுவே ஆட்சி செலுத்தியது. எம். எஸ். பெர்னாண்டோவைப் ‘பைலாச் சக்கரவர்த்தி’ என மக்கள் அழைத்தனர். பின்னர் ஏ. ஈ. மனோகரனுக்குப் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டம் வழங்கியது. முடியாட்சி ஒழிந்த நாட்டிற் சந்தை தனக்கெனச் சக்கரவர்த்திகளைப் படைத்துக்கொண்டமை ஒருபுறம் நகைப்புக்குரியது. மறுபுறம், அறிஞர் அளிக்காத அங்கீகாரத்தைக் கேட்போர் தாமே அளித்துக்கொண்டனர் என்பதும் அதிற் புலனாகிறது.

3

1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்ரோன்ஸ் குழு மின்கிதாரோடு சிங்களப் பாடலைப் புதிய தடத்தில் இட்டது. அதே காலப்பகுதியிலும் அதனையடுத்த 1970களிலும் தமிழ்ப் பொப்பிசை தோன்றி வளர்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், திருகோணமலையின் பரமேஷ்–கோணேஷ் சகோதரர் முதலியோர் இவ்வகையில் நினைக்கப்பட வேண்டியவர்கள். இவ்விசையின் எழுச்சியைத் தனிமனிதத் திறமையால் மட்டும் விளக்கிவிட இயலாது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் கடைப்பிடித்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள், உள்ளூர் உற்பத்திக்கு ஓர் இடைவெளியைத் திறந்துவிட்டன. தமிழகச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தபொழுது ஈழத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் வாசகரைப் பெற்றமையை இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் சுட்டியுள்ளனர். பாடற்றுறையிலும் அதையொத்ததொரு நிகழ்வு ஏற்பட்டது. 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர்பெற்ற வானொலி, ஒருபுறம் மெல்லிசைப் பாடல்களையும் மறுபுறம் பொப்பிசைப் பாடல்களையும் நாட்டின் மூலைமுடுக்கெங்கும் கொண்டுசென்றது.

மெல்லிசைக்கு மதிப்பிருந்தது. கவிஞர் எழுதினர்; ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி போன்ற தேர்ந்த இசையமைப்பாளர் மெட்டமைத்தனர், எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் பாடினர். அது ‘நமது பண்பாடு’ எனப்பட்டது. பொப்பிசையோ இரு திசையிலிருந்தும் தாக்கப்பட்டது. பழமைபேண் இசையன்பர், இராகமும் இலக்கணமும் அற்ற கூச்சல் என்றனர். நமது முற்போக்கு அணியினர், மேலைநாட்டுச் சீரழிவுப் பண்பாட்டின் இறக்குமதி என்றனர். வைதிகரும் பொருள்முதல்வாதிகளும் ஒரு பொருளைப் பற்றி ஒரே தீர்ப்பை வழங்கும்பொழுது, அத்தீர்ப்பின் அடியில் இருப்பது தத்துவமா, அல்லது இருசாராருக்கும் பொதுவான மத்தியதர வர்க்கச் செவியா என்று ஐயுறுதல் தவறன்று.

இவ்விடத்தில் ஒரு நுண்மையான முரண்பாடு நோக்கற்பாலது. இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தேசிய இலக்கியத்தின் பெயரால் வரவேற்றோர், அதே கட்டுப்பாட்டின் நிழலில் முளைத்த தேசிய வெகுசன இசையை அந்நியம் எனத் தள்ளினர். கிதாரின் வடிவம் அந்நியம்தான். நாவலின் வடிவமும் அந்நியமே. நாவலை நாம் ஏற்றுப் பண்படுத்திக்கொண்டோம். கிதாருக்கு அந்த வாய்ப்பை வழங்கவில்லை.

4

அவ்வாறாயின் இப்பாடல்களை எவ்வாறு மதிப்பிடலாம்? மூன்றினை எடுத்துக்கொள்வோம்.

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, சிறிய மாமியிடம் அவள் மகள் எங்கே என்று இளைஞன் வினவுவதாக அமைந்தது. வினாவிலே பள்ளியும் படிப்பும் வருகின்றன. யாழ்ப்பாணச் சமூகத்தில் மாமி மகள் மீது மருமகனுக்கு உறவுவழி உரிமை உண்டு என்னும் எண்ணமும், இலவசக் கல்வியின் பயனாய்ப் பெண்பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே சென்று கற்கத் தொடங்கிய நிலையும் இதில் மோதுகின்றன. பகிடியாகப் பாடப்பட்டதாயினும், பழைய உரிமை தன் பிடி தளர்வதை உணர்ந்து எழுப்பும் வினாவாக இதனைக் கொள்ள இடமுண்டு. பேச்சுத்தமிழ் எவ்வித மேற்பூச்சுமின்றி இசைத்தட்டில் ஏறியமை இதன் மற்றுமொரு சிறப்பு. சிறுகதையில் மண்வாசனைக்காகப் பெரும் விவாதம் நடத்திய நாம், பாட்டில் அதே மண்வாசனை வந்தபொழுது மூக்கைப் பிடித்துக்கொண்டோம். இவையனைத்தும் கூறியபின் குறையையும் கூறுதல் வேண்டும். வினாவுக்கு உரிய பெண் அப்பாடலின் பேசுபொருளேயன்றிப் பேசுபவள் அல்லள்.

அவரது ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் பாடல் குடியை விலக்கும் அறிவுரையை நகைச்சுவையாகக் கூறுவது. அது பாடப்பட்ட காலம் யாது? 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட சாதியெதிர்ப்பு ஊர்வலம், 1967இல் அமைக்கப்பட்ட தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியவற்றின் அதிர்வு அடங்காத காலம். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. பனையேறும் மனிதன் நாவலிலே நிமிர்ந்து நின்ற அதே ஆண்டுகளில், பாட்டிலே கள் இருந்தது, கள்ளிறக்குபவன் இல்லை. குடிப்பவனின் ஒழுக்கமே பிரச்சினையாயிற்று. மரமேறுபவனின் வாழ்வு பிரச்சினையாகவில்லை. பொப்பிசை நகரத்து, படித்த இளைஞரின் கலை என்பதும், அதன் செவிப்புலனுக்கு ஒரு வர்க்க எல்லை இருந்தது என்பதும் இங்கு தெளிவாகின்றன. இவ்வாறு கூறுவதே திறனாய்வு. ‘சீரழிவு’ என ஒற்றைச் சொல்லால் ஒதுக்கியமையால், கூறியிருக்க வேண்டிய உண்மையான குறையை நாம் கூறாமலே விட்டோம்.

மூன்றாவது ‘சுராங்கனி’. மனோகரனின் குரலிற் புகழ்பெற்ற இப்பாடலின் பல்லவி சிங்களத்தில் அமைந்தது. சரணங்களிலே தமிழ் கலந்தது. தாளம் பைலா. காதலியின் பெயர் சிங்களப் பெயர். காதலன் கொணரும் காணிக்கை மலரோ பட்டோ அன்று, மீன். தமிழ்க் காதற்பாடல் மரபில் இதனை எங்கு வைப்பது? நெய்தற்றிணையை நினைவுகூர்தல் பொருத்தமாகும். நற்றிணையின் 45ஆம் செய்யுளில், மீன் உணங்கலைப் பறவைகள் கவராது காக்கும் பரதவர் மகளின் தோழி, தேரேறி வந்த செல்வன் மகனை நோக்கி, எம்மேல் மீன் நாற்றம் வீசும், நீ அப்பால் நில் என்னும் பொருள்படப் பேசுகிறாள். நகரத்துச் செல்வத்துக்கும் கடற்கரை உழைப்புக்குமிடையிலான தூரத்தை அவள் மணத்தால் அளக்கிறாள். தமது சிறுகுடி வாழ்வு தாழ்ந்ததன்று என்பதையும் அவள் சொல்லாமல் விடவில்லை.

இரு பாடல்களையும் அருகருகே வைக்கும்பொழுது இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, சங்கப் பாடலில் வேற்றுமையின் அடையாளமாய் நின்ற மீன், இப்பாடலிலே அன்பின் அடையாளமாய் மாறியுள்ளது. உழைப்பின் விளைபொருள் தன் நாற்றத்துக்காக வெட்கப்படாது காதலுக்குள் நுழைகிறது. வைதிகச் செவிக்கு இப்பாடல் அருவருப்பூட்டியமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். இரண்டாவது, சங்கப் பாடலில் பெண்ணின் பக்கம் பேசுகிறது, மறுக்கிறது, தன் வாழ்வைத் தானே வரையறுக்கிறது. மக்கள் நாவில் நிலைத்த சுராங்கனிப் பல்லவியிலோ அவள் அழைக்கப்படுபவள் மட்டுமே. மீனைப் பெற்றுக்கொண்டவள் என்ன விடை கூறினாள் என்பதைப் பல்லவி நமக்குச் சொல்வதில்லை. பொழுது புலருமுன் பேலியகொடையில் மீன் வாங்கிக் கூடையோடு பஸ் ஏறும் பெண்களுக்கு அப்பெயரின் உரிமை உண்டு. அவர்களின் பாட்டு இன்னும் பாடப்படவில்லை.

மனோகரன் 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ என்னும் ஈழத்துத் திரைப்படத்தில் நடித்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய அப்படம் மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. அதனைத் தேசிய சினிமாவின் முயற்சியாக ஆராய்ந்த நாம், அதே கலைஞரின் இசைத்தட்டை ஆராயவில்லை.

5

1977இன் திறந்த பொருளாதாரம் இந்நிலையைக் குலைத்தது. ஒலிநாடாக் கருவிகள் மலிந்தன. தமிழகத் திரைப்பாடல் தடையின்றிப் பெருகியது. அதே 1977இல் ‘சுராங்கனி’ இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்தில் இடம்பெற்றமை ஒரு குறியீடு போன்றது. ஈழத்து இசை தமிழகச் சந்தைக்குள் ஒரு பாடலாகச் சென்றது. தமிழகச் சந்தை ஈழத்துக்குள் ஒரு முழுத் தொழிற்றுறையாக வந்தது. 1983 ஆடி வன்செயலின் பின்னர் பாடகரும் வாத்தியக்காரரும் கேட்போரும் உலகெங்கும் சிதறினர். இருமொழிப் பாடலொன்று இனவாதத்தைத் தடுத்துவிடும் என்ற மயக்கம் நமக்கில்லை. சுராங்கனியை ஒன்றாய்ப் பாடியோரின் நாட்டிலேதான் அத்தீ மூண்டது. பாடலாற் செய்ய இயலாததைப் பாடலிடம் எதிர்பார்ப்பதும், அது செய்ததைக் காண மறுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

சிதறியோரின் பிள்ளைகள் பாடிய பாடல்களை மதிப்பிட்டவை மேலைநாட்டு இசைச் சஞ்சிகைகள். அவற்றின் மதிப்புரை முறையைச் சற்று நோக்குவோம். 1969இல் அமெரிக்க விமர்சகர் றொபேட் கிறிஸ்கோ ‘நுகர்வோர் வழிகாட்டி’ என்னும் பத்தியைத் தொடங்கி, புதிய இசைத்தட்டுகளுக்குப் பரீட்சைத்தாள் திருத்துவதுபோல எழுத்துத் தரம் வழங்கினார். பின்னாளில் ‘பிச்ஃபோர்க்’ பத்துக்கு இத்தனை எனத் தசமப் புள்ளிகளோடு மதிப்பிட்டது. பத்தியின் பெயரே அதன் சமூகப் பணியை ஒளிவின்றிக் கூறிவிடுகிறது: எதனை வாங்கலாம் என்று சொல்லுதல். ஆனால் இதனைக் கொண்டு அவ்விமர்சகரை நாம் இகழ்தல் நேர்மையாகாது. அவர்கள் பல தசாப்தங்களாக, ராக், சோல், ரெகே, ராப் எனப் பல வகைகளையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்டனர். நாம் கேட்கவேயில்லை.

2005இல் ‘அருளர்’ என்னும் தொகுதியும் 2007இல் ‘கலா’ என்னும் தொகுதியும் மாயா அருள்பிரகாசத்தால் வெளியிடப்பட்டன. முன்னது பிரித்தானியாவின் மேர்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இலண்டன் கலைக்கல்லூரியிற் கற்ற ஒருவர் மூன்றாம் உலகச் சேரிகளின் ஒலியை எடுத்தாள்வது எவ்வளவு மெய்ம்மையானது என்று அங்குள்ள விமர்சகர் சிலர் விவாதித்தனர். வினா தவறானதன்று, ஆனால் முழுமையற்றது. ‘கலா’வில் ஒலிக்கும் உறுமி மேளம் தமிழகத்துக் கலைஞர் வாசித்தது. பாடகியின் மெய்ம்மை பற்றி மையைச் செலவிட்ட மதிப்புரைகளிற் பெரும்பாலானவை அம்முழவோர் யார், அவர்தம் சமூக நிலை யாது, அவர்க்குக் கிடைத்த பங்கு யாது என்று கேட்கவில்லை. மெய்ம்மை என்பது பாடுபவரின் பிறப்புச் சான்றிதழில் இல்லை. உற்பத்தி உறவுகளிலே உள்ளது.

இதனை மேலும் கூர்மையாக உணர்த்தியது 2021இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’. தெருக்குரல் அறிவு, தீ ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அப்பாடல், நிலமற்ற உழைப்பாளரின் நினைவைப் பேசுவது. அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே உழைத்துப் பின்னர் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பது அவரே பகிரங்கமாகக் கூறியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்கிட்டது. அக்கணக்கின் மறுபக்கத்தை ஒரு பாட்டியின் பெயரால் உலகம் கேட்டது. ஆயினும் 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகையின் அட்டையில் தீயும் யாழ்ப்பாணத்திற் பிறந்த கனடியப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர், பாடலாசிரியர் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பின்னர் அச்சஞ்சிகை அறிவுக்கெனத் தனியாக ஓர் இணைய அட்டையை வெளியிட்டது. 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கு வருவாயெதுவும் கிட்டவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். அட்டையில் யார், பிரதியில் யார், வருவாயில் யார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பியவர் தொழில்முறை இசை விமர்சகர் அல்லர் என்பது சிந்திக்கத்தக்கது.

6

மார்க்சியத் திறனாய்வில் வெகுசன இசை பற்றிய கடுந்தீர்ப்பின் மூலவர் தியோடர் அடோர்னோ. 1941இல் வெளியான தமது கட்டுரையில், வெகுசனப் பாடல் அச்சுவார்ப்பாய் உற்பத்தியாகிறது என்றும், அதன் தனித்தன்மை போலித்தன்மையே என்றும் அவர் வாதிட்டார். அவ்வாதத்தைப் புறந்தள்ள நாம் முனையவில்லை. இன்று, 2021இல் இலங்கைக்கும் வந்துசேர்ந்த ‘ஸ்பொட்டிஃபை’ போன்ற சேவைகள், நாம் அடுத்துக் கேட்க வேண்டியதைக் கணிப்பொறியால் தெரிவுசெய்து தரும்பொழுது, அடோர்னோவின் எச்சரிக்கை முன்னெப்போதையும்விடப் பொருந்துகிறது. ‘பிச்ஃபோர்க்’ 2024 ஜனவரியில் வேறொரு சஞ்சிகையோடு இணைக்கப்பட்டுப் பலர் பணியிழந்தனர். கணிப்பொறி பரிந்துரைக்கும் உலகில் விமர்சகன் மிகையாகிவிட்டான் என மூலதனம் கருதுகிறது.

ஆனால் அடோர்னோவை நாம் கையாண்ட விதம் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். அவர் ஜேர்மனியின் மாபெரும் இசைமரபின் உள்ளிருந்து பேசினார். பாடலின் உறுப்புகளைப் பகுத்துக் காட்டிப் பேசினார். நாமோ பாடலைப் பகுக்காமலே தீர்ப்பை மட்டும் கடன் வாங்கினோம். மறுதலையாக, மக்கள் விரும்புகின்றனர், ஆதலின் நல்லது என்னும் வாதத்தையும் ஏற்பதற்கில்லை. அது மக்கள்நேயம் போலத் தோன்றும் வணிகனின் வாதம். மக்கள் விரும்புவதற்கும் மக்களுக்கு வேறெதுவும் கிட்டாமைக்கும் உள்ள வேறுபாட்டை அது மறைக்கிறது. நாட்டார் வழக்காறுகளில் பிற்போக்கும் முற்போக்கும் விரவிக் கிடக்கும், அவற்றைப் பிரித்தறிதலே பணி என அந்தோனியோ கிராம்சி கருதினார். வெகுசனப் பாடலுக்கும் அது பொருந்தும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சினிமாவை அரசியற் றொடர்பாடல் ஊடகமாக ஆராய்ந்து இவ்வழியின் ஒரு பகுதியைத் திறந்தார். இசைத்தட்டை நோக்கி அவ்வழியை நீட்டுவது நமது தலைமுறையின் கடன்.

அவ்வகையில், ஒரு புதிய தொகுதி வெளிவரும்பொழுது மதிப்புரையாளன் குறைந்தது நான்கு வினாக்களையேனும் கேட்டல் வேண்டும் என முன்மொழிகிறோம். முதலாவது, இசை பற்றியது: தாளமும் மெட்டும் எம்மரபுகளிலிருந்து வந்தன, அவற்றைப் பாடல் என்ன செய்தது? சொல்லை மட்டும் படித்து இசையைத் தவிர்ப்பது இலக்கியக்காரரின் பழைய சோம்பல். இரண்டாவது, மொழி பற்றியது: யாருடைய பேச்சு ஒலிக்கிறது, யார் பேசப்படுபவராய் மட்டும் நிற்கின்றனர்? மூன்றாவது, உழைப்பு பற்றியது: வாத்தியக்காரர், ஒலிப்பதிவாளர் ஆகியோர் பெயர் உண்டா, உரிமை யாரிடம் உள்ளது, வருவாய் எங்கே செல்கிறது? நான்காவது, கேட்பு பற்றியது: எந்த இடத்தில், எந்த வேலைக்கிடையில், யாரோடு சேர்ந்து இப்பாடல் கேட்கப்படுகிறது? வெள்ளவத்தையில் தனியறையிற் கேட்கும் பாடலும், கொட்டாஞ்சேனைத் திருமண மண்டபத்திற் கூடி ஆடும் பாடலும், பேலியகொடையில் மீன் பெட்டி சுமந்தவாறே முணுமுணுக்கும் பாடலும் ஒரே ஒலிப்பதிவாயினும் ஒரே பாடல் அல்ல.

இவ்வினாக்களுக்கு விடைகாண்பதற்கு ஆவணங்கள் வேண்டும். 1970களின் இசைத்தட்டுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. பாடியோரும் வாசித்தோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையிற் காலமானார். கைக்கெட்டும் தூரத்தில் வாழ்ந்த கலைஞர்களிடம் கேட்டிருக்க வேண்டிய எத்தனையோ வினாக்களைக் கேளாமல் விட்டது காலத்தின் குற்றமன்று, நமது குற்றம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு இசைவிழா நடத்துவதோடு அமையாது, எஞ்சியுள்ள இசைத்தட்டுகளைத் தொகுப்பதையும், வாழும் வாத்தியக்காரரின் வாய்மொழியைப் பதிவுசெய்வதையும் தம் ஆய்வுப் பணியாக மேற்கொள்ளல் வேண்டும். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்தாலன்றி இப்பணி நிறைவுறாது. முத்துசாமியையும் றொக்சாமியையும் சிங்களத் திரையிசையின்றி எழுத இயலாது. சுராங்கனியைப் பைலாவின்றி எழுத இயலாது.

2020 ஒக்டோபரில் பெருந்தொற்று பேலியகொடைச் சந்தையிற் பரவியபொழுது, அதற்கு முன்னர் அவ்விடத்தை நினையாத பலர் அதன் பெயரை அச்சத்தோடு உச்சரித்தனர். நகருக்கு உணவளிக்கும் இடம், நோயின் பெயராய் மாத்திரம் செய்தியில் இடம்பெற்றது. உழைக்கும் மக்களின் பாடலும் நமது ஏடுகளில் இதுகாறும் அவ்வாறே, சீரழிவின் உதாரணமாக மாத்திரம் இடம்பெற்று வந்துள்ளது. சந்தை மீண்டும் திறந்தது, மீன் வந்தது, பாட்டும் திரும்பியது. அதனைக் கேட்டு, பகுத்து, பாராட்ட வேண்டியதைப் பாராட்டி, கண்டிக்க வேண்டியதைக் காரணங்கூறிக் கண்டிக்கும் திறனாய்வே இனி வரவேண்டியது.